நான்காம் விரல்

பினாங்கு மழைக்கும் பியானோவுக்கும் ஒத்துப்போகாது, சார். மரம் ஊறும், உள்ளே இருக்கும் கம்பளித் துண்டுகள் தடிக்கும். அதற்காக அடியில் ஒரு சூட்டுக் கம்பியைப் பொருத்தி வருஷம் முழுக்க ஓடவிடுவார்கள். எங்கள் வீட்டில் அதை ஓடவிடுவது நான், அணைப்பது என் அம்மா குணவதி. ஆளில்லாத நேரத்தில் மின்சாரம் தின்னும் எதையும் அவரால் சும்மா பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. இப்படியே போனதில், நடுவிலிருந்து கொஞ்சம் வலப்பக்கம் ஒரு கட்டை மட்டும் சோம்பேறியாகிவிட்டது. அழுத்தினால் ஒலிக்கும், ஆனால் எழுந்து வர நேரம் எடுத்துக்கொள்ளும். அது எழுவதற்குள் மறுபடி தட்டினால் ஊமை. அரை மூச்சு காத்திருந்து தட்ட வேண்டும்.

எங்கே ஆரம்பித்தது என்று கேட்டீர்கள். அந்தக் கட்டையில்தான்.

வெளியே முகப்பில் இருந்த போலீஸ்கார அண்ணனிடமும் இதைச் சொல்லப் பார்த்தேன். ரிப்போர்ட் செய்ய வந்திருக்கிறேன் என்றதும், ஐசி அட்டை தொலைந்ததா, கைப்பேசி தொலைந்ததா என்று கேட்டார். விரல் என்றேன். என் கைகளைப் பார்த்தார், பத்தும் இருந்தன. வேறொருவருடைய விரல், அதுவும் தொலையவில்லை, அவள் கையிலேயே இருக்கிறது, ஆனால் வேலை செய்யாது, அதற்குக் காரணம் நான் என்று விளக்கினேன். அவர் உங்களைக் கூப்பிட்டுவிட்டார்.

காலை ஆட்டாதே என்று நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. முயற்சி செய்கிறேன். இது பயம் இல்லை, சார். பள்ளிக்கூடத்திலேயே என் மேசைக்குப் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள், எழுத்து கோணல் ஆகிறது என்பார்கள்.

பெயர் யுகேந்திரன். வயது இருபத்து மூன்று. டத்தோ கிராமாட்டில் அடுக்குமாடி வீடு, கல்லூரியில் கணக்கியல் கடைசி வருஷம். கணக்கியல் படிக்கிறவனை யாரும் எதற்காகவும் சந்தேகப்படுவதில்லை. அதில் ஒரு சங்கடம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

இந்த ஊரில் பியானோ கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்குக் குறைவில்லை. வாசிக்கிற பிள்ளைகளைத்தான் தேட வேண்டும். கற்றுக்கொள்வது கிரேடு பரீட்சைக்காக. எட்டாம் கிரேடு முடிந்ததும் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, பியானோவின் தலையில் பிளாஸ்டிக் பூவும் வைஃபை பெட்டியும் வைத்துவிடுவார்கள். என் சான்றிதழ் முருகன் படத்துக்குப் பக்கத்தில், அவரைவிடச் சற்றுப் பெரிய சட்டத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகும் நான் வாசித்துக்கொண்டிருந்தது அம்மாவுக்குப் புரியவில்லை.

"பரீட்சைதான் முடிஞ்சிருச்சேடா. இன்னும் எதுக்குத் தட்டிக்கிட்டு இருக்க? அடுத்த சர்டிபிகேட் ஏதாச்சும் இருக்கா?"

"இல்லம்மா. சும்மா."

"சும்மான்னா?"

சொந்தக்காரர்களிடம் அவர், வேலைக்கு உதவும் என்று சொல்லிவைத்தார்.

நான் வாசிப்பது உங்களுக்குத் தெரிந்த எதுவும் இல்லை. ஹோட்டல் லிஃப்டில் ஒலிப்பது, கல்யாண மண்டபத்தில் கேக் வெட்டும்போது போடுவது, இதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும். ஐரோப்பாவில் ரொமான்டிக் காலம் என்று ஒன்று இருந்தது. அது முடிந்து, எல்லாரும் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பிய பிறகும் மேசையை விட்டு எழாமல் எழுதிக்கொண்டே இருந்த சிலர் உண்டு. அவர்களில் நாலைந்து பேருக்குத்தான் பெயர் நிலைத்தது. மீதிப் பேர் எனக்கு. அந்த இசைக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. வீடு வந்துவிட்டது என்று நாம் செருப்பைக் கழற்றும்போது அது இன்னொரு சந்துக்குள் திரும்பிவிடும். அங்கே போனால் வாசலில் வேறொரு விளக்கு எரியும். என் காலுக்கு ஏற்ற இசை. அதை வாசிக்கும்போது மட்டும் கால் ஆடாது, பெடலை மிதித்துக்கொண்டிருக்கும்.

அவற்றில் ஒன்றை மட்டும் நான் என்னுடையது என்று வைத்திருந்தேன். எழுதியவர் பெயரைக் கேட்காதீர்கள். சொன்னால் இன்றைக்கே கைப்பேசியில் தேடிக் கேட்பீர்கள்.

நான் எனக்காக மட்டும் வாசிக்கிறவன். இதை முக்கியமாகக் குறித்துக்கொள்ளுங்கள். மேடை ஏறியதில்லை, பதிவுசெய்து எங்கேயும் போட்டதில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் உட்காருவேன். ஜன்னலைத் திறந்துவைப்பது புழுக்கத்துக்காக. பியானோவைப் பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒட்டி வைத்திருப்பது, மற்ற சுவர்களில் வெயில் இறங்குவதால்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஷேக் அலாவுதீன் மாமாவின் வீடு. நாசி கண்டார் சோற்றுக் கடைக்காரர். அவர் மனைவி ஆசியா பீவி. ஒரே மகள் நூருல் ஹுதா, பள்ளி இறுதிப் பரீட்சை எஸ்பிஎம் முடித்து ஒரு வருஷம் ஆகிறது. நல்ல மனிதர்கள். பெருநாளுக்கு அங்கிருந்து பிரியாணி வரும், தீபாவளிக்கு இங்கிருந்து முறுக்கு போகும். ஹுதாவிடம் ஒரு கீபோர்டு இருந்தது. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிப்பாளாம். அதனால் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் எனக்குக் கேட்டதில்லை. அவளுக்கு என் பக்கத்திலிருந்து எல்லாம் கேட்டிருக்கிறது.

போன வருஷக் கடைசியில் மாமா அவளுக்கு ஜப்பானிலிருந்து வந்த பழைய பியானோ ஒன்று வாங்கிக்கொடுத்தார். நான்கு பேர் மாடிப்படியில் திட்டிக்கொண்டே தூக்கிவந்ததை நானும் பார்த்தேன். மறுநாள் சாயங்காலம் நான் குளித்துக்கொண்டிருந்தேன். தலையில் ஷாம்பு. என் இசை கேட்டது. நான் குளியலறையில் இருக்க, சுவருக்குள்ளிருந்து என் இசை வந்தது.

அவள் என்னைவிட நன்றாக வாசித்தாள் என்று சொல்லமாட்டேன். வேகம் சரியாக இருந்தது. தவறு இல்லை. நான் தடுமாறும் இடங்களில் தடுமாறவில்லை. மற்றபடி பெரிய வித்தியாசம் இல்லை.

பிறகு அந்த இடம் வந்தது. ஒரே சுரம் இரண்டு முறை ஒலிக்கும் இடம். எழுதியவர் இரண்டையும் ஒட்டித்தான் எழுதியிருக்கிறார். அவள் முதல் சுரத்தைத் தட்டினாள், அரை மூச்சு காத்திருந்தாள், பிறகு இரண்டாவதைத் தட்டினாள். அவளுடைய பியானோவில் எல்லாக் கட்டைகளும் ஒழுங்காக எழும், சார். அவள் காத்திருக்க ஒரு காரணமும் இல்லை. எங்கள் வீட்டு ஈரத்தை அவள் மனப்பாடம் செய்திருந்தாள்.

அடுத்த நாளே ஒரு தட்டு முர்தபாக்குடன் வந்து கதவைத் தட்டினாள்.

"அண்ணே, கோச்சுக்காதீங்க. திருடிட்டேன்."

"எதை?"

"உங்க பாட்டைத்தான் லா. ரெண்டு வருஷமாச் சுவத்துல காதை வச்சுக் கேட்டுக் கேட்டுக் கீபோர்டுல பிடிச்சேன். உம்மா எனக்குக் காதுல ஏதோ கோளாறுன்னு நெனச்சுட்டாங்க. பேரு தெரிஞ்சா நோட்டைத் தேடலாம். பேரே தெரியலயே."

நான் முர்தபாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"அந்த எடத்துல ஒரு நிறுத்தம் வைப்பீங்கல்ல, அதே சத்தம் ரெண்டு தடவை வர்றப்ப. அதுதான்ணே உயிரு. எனக்கு அழுகையே வந்துரும்."

அது சூட்டுக் கம்பியை என் அம்மா அணைத்ததால் வந்தது என்று நான் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

விஷயம் இதுதான். கோலாலம்பூரில் ஓர் இசைக் கல்லூரி. முழு உதவித்தொகையோடு ஓர் இடம். அதற்கு நேர்முகத் தேர்வில் வாசித்துக் காட்ட வேண்டும். அதிகம் கேள்விப்படாத ஒன்றாக இருந்தால் நடுவர்களுக்குப் பிடிக்கும். முழு உதவித்தொகை கிடைத்தால் போகலாம், இல்லாவிட்டால் கடைக் கல்லாவில் உட்கார வேண்டும் என்பது மாமாவின் தீர்ப்பு. இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அவள் என் இசையை வாசிக்கப்போகிறாள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் வாசிப்பைக் கல்லூரியே பதிவுசெய்து வெளியிடுமாம். ஊரெல்லாம் கேட்கும்ணே என்றாள், எனக்கு ஏதோ நல்ல செய்தி சொல்வது போல. என் பெயரையும் சொல்வாளாம். நன்றி சொல்லும்போது, அத்தா, உம்மா, பியானோ டியூனர், அப்புறம் பக்கத்து வீட்டு அண்ணன்.

வேண்டாம் என்று கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டிருந்தால் உடனே விட்டுக்கொடுத்திருப்பாள். அப்படிப்பட்ட பெண். அதனால்தான் கேட்கவில்லை. ஒன்றை விட்டுக்கொடுத்தால், அதுவரை அது அவளுடையதாக இருந்தது என்று ஆகிவிடுகிறது.

ஆகவே, சொல்லித்தருகிறேன் என்றேன்.

வாரத்தில் சில சாயங்காலங்கள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்தே இருக்கும். ஆசியா பீவி மாமி கூடத்தில் உட்கார்ந்து கடைக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். எனக்குத் தேநீர் வரும், கூடவே ஏதாவது பலகாரம். பொருட்படுத்தத்தக்க தவறு எதையும் அவள் வாசிப்பில் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. எனவே விரலைப் பற்றிப் பேசினேன்.

மோதிர விரலை நாங்கள் நான்காம் விரல் என்போம். உலகத்தில் யாருக்கும் அது ஒழுங்காக இருப்பதில்லை. கையை மேசையில் வைத்து, மற்ற விரல்களை அழுத்திக்கொண்டு அதை மட்டும் தூக்கிப் பாருங்கள். பார்த்தீர்களா. பக்கத்து விரல்களோடு நாரால் சேர்த்துக் கட்டியிருக்கிறது. படைப்பே அப்படி. அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டால் நடுவர்கள் அசந்துபோவார்கள் என்றேன். ரப்பர் பேண்டை அந்த விரலில் மாட்டி, மறுமுனையை நோட்டு வைக்கும் பலகையில் கட்டி மேலே இழுக்க வேண்டும். மற்ற விரல்கள் கட்டைகளை அழுத்தியபடி இருக்க, இழுவைக்கு எதிராக நான்காம் விரல் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பழகப் பழக இழுவையைக் கூட்ட வேண்டும்.

பழைய காலத்தில் ஐரோப்பாவில் சிலர் இந்த மாதிரி கருவிகளைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதையும் படித்திருந்தேன். அரைகுறையாகத் தெரிந்துகொண்டு ஒரு காரியத்தில் இறங்குகிற வழக்கம் எனக்கு இல்லை. என் விரலில் மாட்டிப் பார்க்கவில்லை. ஆபத்து என்று போட்டிருந்தது.

ரப்பர் பேண்டை அவளே கொண்டுவந்தாள். அவள் அத்தா கடையில் குழம்புப் பொட்டலம் கட்டுகிற சிவப்பு ரப்பர் பேண்ட். ஒரு பை நிறைய.

அவள் சோம்பல் படாத மாணவி. ஒரு மணி நேரம் என்றால் இரண்டு மணி நேரம் செய்வாள். சுவர் வழியாக எனக்குக் கேட்கும்: ஒரே சுரம், ஒரே சுரம், ஒரே சுரம். அந்த நாள்களில் என்னால் எதிலும் நிலைகொள்ள முடியவில்லை. தணிக்கைப் பாடம் படிக்க உட்காருவேன், எழுந்து ஜன்னலுக்குப் போவேன், குளிர்பெட்டியைத் திறந்து ஒன்றும் எடுக்காமல் மூடுவேன். பேய் பிடித்தவன் மாதிரி நடக்காதே என்று அம்மா சத்தம் போட்டார். நல்ல ஆசிரியர்களுக்கு இப்படி இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒருநாள் அவள் கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"காலையில எந்திரிச்சா விரல் மரத்துப்போயிருக்குண்ணே. தோசையைப் பிச்சா வலி இங்க வரைக்கும் ஏறுது. ரெண்டு நாள் விட்டுப் பாக்கலாமா?"

"விடலாம். ஆனா விட்டா இவ்வளவு நாள் பண்ணுனது வீணாப் போயிரும். வலிச்சாத்தான் தெறக்குதுன்னு அர்த்தம். ஒன் இஷ்டம் லா."

இஷ்டத்தை ஒவ்வொரு முறையும் அவளிடமே விட்டேன். வற்புறுத்தியதாக யாரும் சொல்ல முடியாது. கூடத்திலிருந்து மாமி, அண்ணன் சொல்றதைக் கேளு என்றார். அவள் ரப்பர் பேண்டை இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டாள்.

தேர்வுக்கு முந்தைய நாள் இசையின் பெயரையும் நோட்டையும் கொடுத்தேன். அதற்குள் அவள் கோப்பையைப் பிடிக்கும்போதே அந்த விரல் தனியாக உள்ளே சுருண்டுகொள்வதைக் கவனித்திருந்தேன். இனி கொடுப்பதில் எனக்கு நஷ்டம் இல்லை. அவள் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு அந்த இடத்தைத் தேடிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இதுல நிறுத்தமே போடலையே."

"இல்ல."

"அப்ப அது நீங்களா வச்சதா?"

ஆமாம் என்றேன். நான் சொன்ன பொய்களில் அதை மட்டும்தான் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மாமா கடையை மூடிவிட்டு அவளைக் காரில் கோலாலம்பூருக்குக் கூட்டிப்போனார். அந்தக் கடை மூடி நான் பார்த்ததில்லை. என்ன நடந்தது என்பதை அவளே பிறகு சொன்னாள். முதல் பக்கம் நன்றாகப் போயிருக்கிறது. இரண்டாம் பக்கத்தில், யாரோ உள்ளேயிருந்து கயிற்றை இழுத்தது போல, நான்காம் விரல் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டது. நடுவர்கள் தண்ணீர் கொடுத்து, அவசரமில்லை, முதலிலிருந்து வாசி என்றார்கள். மறுபடியும் மடங்கியது. இடது கையால் அதை நிமிர்த்திவிட்டு வாசிக்கப் பார்த்தாளாம். அதைப் பார்த்ததும் ஒரு நடுவர் எழுந்து வந்து பியானோவின் மூடியை மெதுவாகச் சாத்தியிருக்கிறார்.

மருத்துவமனையில் வலது கைக்கு மட்டை வைத்துக் கட்டினார்கள். அளவுக்கு மீறிய பயிற்சி என்றார் டாக்டர். மட்டையை எடுத்த பிறகு அன்றாட வேலைகள் ஓரளவு செய்யலாம். பியானோவை மறந்துவிடச் சொன்னார். மாமி அதைக் கண்ணூறு என்று முடிவுசெய்து ஓதிய தண்ணீர் வாங்கிவந்து கையில் தெளித்தார். நான் பார்க்கப் போனபோது ஹுதா மாமி காதில் விழாமல் சொன்னாள்:

"டாக்டர்கிட்ட ரப்பர் பேண்டு விஷயத்தைச் சொல்லல. நான்தான் பேராசையில இறுக்கிப் போட்டுட்டேன். உங்க பேரு எதுக்குக் கெடணும்."

மாமா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீ எவ்வளவு பாடுபட்ட, தம்பி. அவளுக்குத்தான் குடுத்துவைக்கல," என்றார். அன்று மாலை கடையிலிருந்து கோழிப் பொட்டலம் வந்தது. ரப்பர் பேண்டைக் கழற்றிவிட்டுச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

முன்பு சொன்ன சங்கடம் இதுதான். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. அவ்வளவு படித்து, அவ்வளவு பொறுமையாக, சத்தமில்லாமல் ஒரு காரியத்தைச் செய்து முடித்தவனுக்குக் கிடைத்தது ஒரு கோழிப் பொட்டலம்.

நான் திரும்பவும் வாசிக்க ஆரம்பித்தேன். இசை மறுபடி எனக்கு மட்டும் சொந்தமாகியிருந்தது. முதல்முறை வாசித்து முடித்தபோது, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தட்டல் கேட்டது. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னும் சில. புரிய நேரம் எடுத்தது. அவள் இடது கையால் சுவரில் தட்டுகிறாள். இரண்டு கையும் சேர்த்துத் தட்ட முடியாதவர்கள் வேறு எப்படிப் பாராட்டுவார்கள்?

அதற்குப் பிறகு தினமும். சில நாள் அந்த நிறுத்தத்தை இன்னும் கொஞ்சம் நீட்டுவேன். அன்றைக்குத் தட்டல் கொஞ்சம் தாமதமாக வரும். கண்ணைத் துடைத்துக்கொண்டு வருகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். டியூனர் வந்து அந்தக் கட்டையைச் சரிசெய்யட்டுமா என்றார், வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். அந்த இசையை அவளைப் போல உள்ளே போய்த் தெரிந்துகொண்டவர்கள் இந்த நாட்டில் யாரும் இல்லை, சார். இப்படிக் கேட்பதற்கு ஓர் ஆள் அமைவது லேசான விஷயம் இல்லை. அவளும் வாசித்துக்கொண்டிருந்தால் அவளுக்கு இவ்வளவு கவனமாகக் கேட்க நேரம் இருந்திருக்காது.

நான்கு நாளாகத் தட்டல் இல்லை.

முதல் நாள் தூங்கியிருப்பாள் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் முழுவதையும் இரண்டு தடவை வாசித்தேன். பிறகு ஜன்னல்களைத் திறந்தேன், அறைக் கதவையும் திறந்தேன். நேற்று வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சுவரில் காதை வைத்தேன். பெட்டிகளில் டேப் ஒட்டுகிற சத்தம். அம்மாவிடம் கேட்டேன். பியானோ சத்தம் கேட்டால் பிள்ளை அழுதுகொண்டே இருக்கிறாள் என்று மாமி சொன்னாராம். மாதக் கடைசியில் செபராங் ஜெயாவுக்குக் குடிபோகிறார்கள். கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம். அவளுடைய பியானோவை விற்றாகிவிட்டது.

அதனால்தான் வந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். மனசாட்சி உறுத்தியது, வந்தேன். ரப்பர் பேண்ட் யோசனை என்னுடையது, என்ன ஆகும் என்று தெரிந்தே செய்தேன், அவள் மேல் ஒரு தவறும் இல்லை. வேண்டுமானால் இப்போதே கையெழுத்துப் போடுகிறேன். இது எந்தச் சட்டப்பிரிவில் வரும் என்று நீங்கள் யோசிப்பது புரிகிறது. எத்தனை மாதம் ஆனாலும் பரவாயில்லை, நிதானமாக விசாரியுங்கள். ஜாமீன் கொடுத்தால் நான் வீட்டிலேயே இருப்பேன், எங்கேயும் ஓடமாட்டேன்.

ஒரு சந்தேகம் மட்டும், சார். அவள்தானே முக்கியச் சாட்சி. வழக்கு முடிகிறவரை சாட்சி வீடு மாறக்கூடாது என்று ஓர் உத்தரவு போடலாம், இல்லையா?